ஆள்பார்த்து நிறுக்கும் துலைக்கோல்

ஒருவர் சொல்லிய கருத்துப் பிழையா, அன்றா என்று ஆராய்வது ஒன்று. அவ்வாறு சொல்லியவரை இனித் தலைநிமிர்ந்து வாழவிடுவதா, வேண்டாவா என்று ஊர்கூடி முடிவு கட்டுவது மற்றொன்று. முன்னது அறிவுடையார் செயல். பின்னது கும்பலின் செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிப் பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டிவிடும் போக்கு இக்கால் உலகெங்கும் பெருகிக் கிடக்கின்றது. மேலைநாட்டார் அதற்குக் 'கேன்சல் கல்ச்சர்' என்று பெயரிட்டுள்ளனர். அதனை 'விலக்குப் பண்பாடு' என்று ஒருசாரார் தமிழாக்குவர். பண்பாடு என்னும் அருமைச் சொல்லை இத்தகைய செயலுக்கு ஈந்துவிடுவது அச்சொல்லுக்கே இழுக்காகும். தமிழில் இதற்கு ஊர்விலக்கு என்னும் பழஞ்சொல் உண்டு, அதுவே போதும்.

ஊர்விலக்குத் தீது என்று சொல்லாதார் இன்று எவருமிலர். இணையத்தில் கூடிநின்று ஒருவரை வசைபாடுதல் கயமை என்பதையும் மறுப்பாரிலர். ஆனால், விலக்கப்பட்டவர் யார், வசைபாடப்பட்டவர் யார் என்று பெயர் தெரிந்த அந்நொடியிலேயே கொள்கைகள் இடம் மாறிவிடுகின்றன. தம்மவர் தாக்குண்டால் அது கருத்துரிமையின் கழுத்தை நெரிக்குஞ் செயல்; தம்மவர் தாக்கினாலோ அது மக்களின் அறச்சினம். தம்மவர் வேலையிழந்தால் கொடுமை. பிறர் வேலையிழந்தால் அவர் பேசிய பேச்சின் விளைவு. ஒரே செயலுக்கு இரு பெயர். ஒரே சரக்குக்கு இரு படிக்கற்கள். கடைத்தெருவில் ஒரு வணிகன் இவ்வாறு நிறுத்தால் அவனைப் பிடித்து ஒறுப்பதற்குச் சட்டம் இருக்கின்றது. மேடையிலும் ஏட்டிலும் இணையத்திலும் இவ்வாறு நிறுப்போரைக் கேட்பார் இல்லை.

இதனைப் பிறர்நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு பேசுவது எளிது. தமிழ்நாட்டில், அதுவும் தமிழின் பெயரால் நடந்தவற்றிலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை.

2005-ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்களில், திரைப்பட நடிகை குசுபு ஓர் இதழுக்குச் சில கருத்துகளைச் சொன்னார். திருமணத்திற்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கருவுறாமலும் நோய்க்கு ஆட்படாமலும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதும், கல்வி கற்ற ஆடவன் தனக்கு வாய்க்கும் மனைவி கன்னியாகவே இருத்தல் வேண்டும் என்று எதிர்பாரான் என்பதும் அவற்றின் பிழிவு. இக்கருத்துகளை ஏற்பார் ஏற்கலாம், மறுப்பார் மறுக்கலாம். மறுப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. காதலையும் கற்பையும் பற்றி ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசிவரும் மொழி இது; களவொழுக்கத்திற்கே இலக்கணம் வகுத்த மொழி இது. அம்மொழிக்குரியார் ஒரு நடிகையின் நான்கு சொற்றொடர்களுக்கு நாற்பது பக்கத்தில் விடையெழுதியிருக்கலாம்.

நடந்தது மறுப்பன்று. துடைப்பமும் செருப்பும் ஏந்திய ஊர்வலங்கள் நடந்தன. தமிழ்நாட்டை விட்டே வெளியேறுக என்னும் முழக்கம் எழுந்தது. அவர் வருத்தந் தெரிவித்த பின்னும் அஃது ஓயவில்லை. ஊருக்கொன்றாக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. நவம்பரில் அவர் மேட்டூர் மன்றத்திற்கு வந்தபோது அழுகிய முட்டையும் தக்காளியும் செருப்பும் வீசப்பட்டன. அவருக்குத் துணையாகப் பேசிய நடிகை சுகாசினியும் அவ்வாறே தூற்றப்பட்டார். இவற்றில் பாட்டாளி மக்கள் கட்சியினரும் விடுதலைச் சிறுத்தைகளும் முன்னின்றனர். தமிழ்ப்பெண்களின் மானத்தைக் காக்கவே என்றனர். ஒரு பெண்ணை நடுத்தெருவில் இழித்துத்தான் பெண்களின் மானத்தைக் காக்க வேண்டுமா என்று அன்று கேட்ட தமிழன்பர் மிகச் சிலரே. (அந்நடிகைக்கு முன்னர்க் கோயில் எழுப்பியதாகச் செய்தி வந்ததும் இதே நாட்டில்தான். கோயிலும் துடைப்பமும் ஒரே கையின் இரு வேலைகள் போலும்.)

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அலைந்த பின்னர், 2010 ஏப்பிரல் 28 அன்று உச்ச அறமன்றம் அவ்வழக்குகள் அனைத்தையும் தள்ளியது. பலர்க்கும் ஒவ்வாத கருத்தைச் சொல்லுதல் என்பதனாலேயே ஒன்று குற்றமாகிவிடாது என்றும், அத்தகைய கருத்துக்கு விடை திறந்த உரையாடலே என்றும் அத்தீர்ப்புச் சொல்லிற்று.

அதன்பின் நான்கு ஆண்டுகளும் சில திங்களும் கழிந்தன. எழுத்தாளர் பெருமாள் முருகன் 2010-இல் வெளியிட்ட 'மாதொருபாகன்' என்னும் புதினத்தில், குழந்தையில்லாத ஒரு பெண்ணின் துயரோடு திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைப் பற்றிய ஒரு பழஞ்செய்தி பின்னப்பட்டிருந்தது. நான்காண்டுகளாக எவரையும் புண்படுத்தாத அந்நூல், 2014 திசம்பரில் திடுமென அனைவரையும் புண்படுத்தியது. சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு ஊரெங்கும் பரப்பப்பட்டன. நூல் தீக்கிரையானது. தொலைபேசியில் மிரட்டல்கள் வந்தன. 2015 சனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. சனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு' என்ற பெயரில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டு, எழுத்தாளரிடம் மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. எழுத்தாளன் பெருமாள் முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். பிறந்து வளர்ந்த பகுதியை விட்டுக் குடும்பத்தோடு அகன்றார்.

அந்தக் கிழமையை உலகம் வேறொரு கரணியத்தால் நினைவிற் கொண்டுள்ளது. சனவரி 7 அன்று பாரிசு நகரில் 'சார்லி எப்தோ' இதழகத்திற்குள் புகுந்து பன்னிருவரைச் சுட்டுக் கொன்றனர். சனவரி 11 அன்று அந்நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் கருத்துரிமைக்காக ஊர்வலம் போயினர். இந்தியாவிலும் அவ்விதழின் பெயரைத் தம் நெஞ்சிற் குத்திக்கொண்டோர் பலர். மறுநாள் நாமக்கல்லில் ஓர் எழுத்தாளர் கையொப்பமிட்டுத் தம் எழுத்தைக் கொன்றபோது, பாரிசுக்காக அழுதவர்களிற் சிலர்க்குத் திருச்செங்கோடு எங்கிருக்கின்றது என்றே தெரியவில்லை. வேறு சிலர்க்கோ தெரிந்திருந்தும் தெரியவில்லை.

தமிழியக்க மேடைகள் பலவற்றிலும் பெருமாள் முருகனுக்காகக் குரல் எழுந்தது. அக்குரல் ஞாயமானதே, எழுந்திராவிட்டால் அதுவன்றோ இழிவு. 2016 சூலை 5 அன்று சென்னை உயர் அறமன்றம், நாமக்கல் கூட்டத்து உடன்பாடு எவரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதுக என்று சொல்லியபோது அம்மேடைகள் மகிழ்ந்தன. ஆனால், 2015-இல் 'எம்மூர்ப் பெண்களின் மானம்' என்று ஆர்த்த குரலுக்கும், 2005-இல் 'தமிழ்ப்பெண்களின் மானம்' என்று ஆர்த்த குரலுக்கும் சொல்லில் என்ன வேறுபாடு? பொருளில் என்ன வேறுபாடு? சில வரிகளைப் பிரித்தெடுத்து ஊரைக் கொதிக்க வைத்தது இரண்டிலும் உண்டு. பெண்ணின் மானத்தை ஆடவர் திரண்டு காத்தது இரண்டிலும் உண்டு. மன்னிப்புக் கேட்டும் விடாமை இரண்டிலும் உண்டு. திருச்செங்கோட்டிலே குல மத அமைப்புகள் செய்ததைத் தமிழமைப்புகள் பத்தாண்டு முன்னரே செய்து காட்டிவிட்டன.

'அது வேறு, இது வேறு' என்பார் உளர். நடிகை எழுத்தாளர் அல்லர் என்பர். கருத்துரிமை என்ன, பாவலர் பட்டயம் பெற்றோர்க்கு மட்டும் வழங்கப்படும் ஊக்கத்தொகையா? அவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் அல்லர் என்பர். வேற்றுமொழியார் ஒருவர் தவறான கருத்தைச் சொன்னார் என்றே கொண்டாலும், அதற்குத் தமிழரின் விடை துடைப்பமாக இருந்தால், தமிழரைப் பற்றி அவர் என்ன கற்றுக்கொண்டிருப்பார்? பெருமாள் முருகன் எழுதியது உண்மை நிகழ்ச்சி, அவர் சொன்னது வெறுங்கருத்து என்பாரும் உண்டு. அப்படியாயின் திருச்செங்கோட்டார், அஃது உண்மையன்று என்று மெய்ப்பித்துவிட்டால் நூலை எரிக்கலாமா? இக்கேள்விகளுக்கெல்லாம் விடையளித்த பின் எஞ்சுவது ஒன்றே: ஒருவர் வேண்டியவர், மற்றவர் வேண்டாதவர்.

இசைமேடையிலும் இதே நாடகந்தான். 2018 ஆகத்தில், ஏசுநாதரைப் பற்றிப் பாடினர், பாடப்போகின்றனர் என்று சொல்லிக் கருநாடக இசைப்பாடகர் சிலர் இணையத்தில் மிரட்டப்பட்டனர். ஓ.எசு. அருண் ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சியைக் கைவிட்டார். நித்தியசிரீ வருத்தந் தெரிவிக்க நேர்ந்தது. டி.எம். கிருட்டிணா, இனித் திங்கள்தோறும் ஏசுவையோ அல்லாவையோ பற்றிய ஒரு பாட்டை வெளியிடுவதாக அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் அரசுசார் வானூர்திநிலைய ஆணையம் துணைநின்று நடத்தவிருந்த அவர்தம் நிகழ்ச்சி, இணையத்து வசைமாரிக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. தில்லி மாநில அரசு வேறிடத்தில் அவரைப் பாடவைத்தது.

2024 மார்ச்சில் அவருக்குச் சென்னை மியூசிக் அகாதமி 'சங்கீத கலாநிதி' என்னும் பட்டத்தை அறிவித்தது. (தமிழ்நாட்டுத் தலைநகரில் வழங்கப்படும் இசைப்பட்டத்திற்கு இன்றளவும் ஒரு தமிழ்ப்பெயர் வாய்க்காதது வேறு செய்தி, இசைமன்றத்தின் பெயரே தமிழில் இல்லாதபோது பட்டத்தைக் குறைசொல்லி என்ன பயன்?) அவர் பெரியாரைப் போற்றுகின்றார் என்பதைக் கரணியங்களுள் ஒன்றாகக் காட்டி, இரஞ்சனி, காயத்திரி என்னும் உடன்பிறந்த பாடகியர் அவ்வாண்டு விழாவிற் பாடமாட்டோம் என்று விலகினர். அவர்களைப் பின்பற்றி வேறு சிலரும் விலகினர்.

இங்கே துலைக்கோலை நேராகப் பிடித்தல் வேண்டும். பாடமாட்டேன் என்பது பாடுவாரின் உரிமை. தமக்கு ஒவ்வாத மேடையிலிருந்து தாமே இறங்கிப் போவது ஊர்விலக்கு ஆகாது. அதனால் இழப்பு நேர்ந்தால் அது முதற்கண் இறங்கியவர்க்கே. பெரியார்மீது அவர்கள் சுமத்திய பழி மறுக்கப்பட வேண்டியதே. பலராலும் மறுக்கவும் பட்டது. ஆனால் மறுப்பு என்னும் பெயரில் அவர்தம் பிறப்பையும் பெண்மையையும் இழித்துரைப்பது மறுப்பாகாது. பெரியாரைக் காப்பதற்குப் பெண்ணிழிவுச் சொல் தேவைப்படுகின்றது என்றால், அவரை ஒருவரியேனும் படியாதவரே அவரைக் காக்கக் கிளம்பியிருக்கின்றனர் என்பது பொருள். மறுபுறத்தாரின் துலைக்கோலோ இன்னும் கோணலானது. 'எம் கொள்கைக்கு ஒவ்வாததை யாம் செய்யமாட்டோம்' என்று 2024-இல் விலகியோரை உரிமையாளர் என்று போற்றிய வாய்களுக்கு, 'எமக்கு விருப்பமானதை யாம் பாடுவோம்' என்ற 2018-ஆம் ஆண்டுப் பாடகரின் உரிமை மட்டும் கசந்தது ஏன்?

இசைமேடையின் விலக்கு இணையத்தோடு பிறந்ததும் அன்று. 1946-இல் திருவையாற்றில் தியாகராசர் விழாவின்போது இசையரசு தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினார் என்பதற்காக மேடை தீட்டுப்பட்டதாகச் சொல்லப்பட்ட கொடுமையைக் 'குடியரசு' இதழ் அன்றே கண்டித்தது. அன்று விலக்கியோரிடம் முகநூல் இல்லை. தீட்டு என்னும் ஒற்றைச் சொல் இருந்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது.

இந்த இருபடிக்கல் வாணிகம் தமிழர்க்கே உரியதென்று எவரும் நாண வேண்டா. 'கேன்சல் கல்ச்சர்' என்னும் சொல் பிறந்த அமெரிக்காவில் அது பெருந்தொழிலாகவே நடக்கின்றது. 2016-இல் காலின் கேப்பர்னிக்கு என்னும் கருப்பினக் கால்பந்தாட்டக்காரர், தம்மினத்தார்மேல் காவலர் நடத்தும் கொடுமையைக் கண்டிக்க, நாட்டுப்பண் இசைக்கையில் மண்டியிட்டார். அடுத்த ஆண்டு முதல் அவரை எந்த அணியும் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வாறு மண்டியிடுவோரை வேலைநீக்கஞ் செய்ய வேண்டும் என்று 2017 செப்தம்பரில் அலபாமாவிற் கூட்டம் போட்டு முழங்கியவர் அன்றைய குடியரசுத் தலைவர் திரம்பு. அதே திரம்புதான் 2020 சூலை 3 அன்று இரசுமோர் மலையடியில் நின்று, மாற்றுக் கருத்தினரை வேலையை விட்டு விரட்டும் ஊர்விலக்கு ஒரு கொடுங்கோன்மை என்று கண்ணீர் வடித்தார்.

மறுபக்கத்தாரும் குறைந்தவர் அல்லர். பேச்சினால் வேலையிழந்தோர்க்காக எவரேனும் இரங்கினால், 'அது விலக்கன்று, விளைவு' என்று அவர்கள் பல்லாண்டாகச் சொல்லிவந்தனர். 2025 செப்தம்பர் 10 அன்று வலச்சாரிப் பேச்சாளர் சார்லி கிர்க்கு சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையைப் பற்றி இணையத்தில் தகாதன எழுதியோரும், அவரைக் குறைகூறியோரும் அடுத்தடுத்து வேலையிழந்தனர். அத்தகையோரின் முதலாளிகளுக்கே தொலைபேசியில் முறையிடுங்கள் என்று துணைக் குடியரசுத் தலைவர் வான்சு சொன்னார். அவ்வாண்டு பிப்பிரவரியில் மூனிக்கு நகருக்குச் சென்று, ஐரோப்பியர் பேச்சுரிமையை நசுக்குகின்றனர் என்று அறிவுரை கூறிவந்தவரும் அவரே. அரசு ஆணையத் தலைவரின் மிரட்டலை அடுத்து, சிம்மி கிம்மல் என்னும் நகைச்சுவையாளரின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரு கிழமையளவு நிறுத்தி வைக்கப்பட்டது. இப்போது 'விளைவு' என்னும் சொல்லை வலச்சாரியார் சொன்னார்கள். 'கருத்துரிமை' என்னும் சொல்லை இடச்சாரியார் சொன்னார்கள். இருசாராரும் நாடக உடையை மாற்றிக்கொண்டனரேயன்றி நாடகம் மாறவில்லை.

எனில், எல்லா விலக்கும் ஒன்றுதானா? அன்று. 1880-இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், எர்ன் பெருமகனின் நிலங்களுக்கு மேலாளராயிருந்த பாய்க்காட்டு என்பவர், குத்தகையைக் குறைக்கக் கேட்ட உழவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முனைந்தார். உழவர்கள் அவரை அடிக்கவில்லை. அவர் வயலில் அறுவடை செய்யமாட்டோம் என்றனர். கடைக்காரர் சரக்குக் கொடுக்க மறுத்தனர். அவர்க்கு அஞ்சல் கொண்டுசெல்லவும் ஆளில்லை. அவர் பெயரே ஆங்கிலத்தில் புறக்கணிப்புக்குரிய சொல்லாகிவிட்டது. நிலமும் படையும் சட்டமும் கையில் வைத்திருந்தவர்க்கு எதிராக, வெறுங்கையர் தம் உழைப்பையும் உறவையும் தர மறுத்த செயல் அது. அயல்துணிப் புறக்கணிப்பும் அவ்வகையினதே.

அதற்கு நேர் எதிரானது ஊர்க்கட்டுப்பாடு. குலம் மாறி மணந்த இணையர்க்கோ, கோயில் மண்டகப்படியில் உரிமை கேட்ட குடும்பத்துக்கோ, கடையில் உப்புக் கொடாதே, கிணற்றில் நீர் எடுக்கவிடாதே, நல்லது கெட்டதுக்கு அழையாதே, மீறிப் பேசுவோர்க்குத் தண்டம் என்று விதிப்பது அது. இணையம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இந்நிலத்து ஒடுக்கப்பட்டோர் 'கேன்சல்' செய்யப்பட்டுவிட்டனர். இக்கொடுமைக்கு எதிராக 1949-இல் பம்பாய் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. மதத்தலைவரின் விலக்கும் உரிமையைப் பறிக்கின்றது என்று 1962-இல் உச்ச அறமன்றம் அதனைத் தள்ளியது. மராட்டிய மாநிலம் 2016-இல் மீண்டும் ஒரு சட்டம் இயற்றி, அது 2017-இல் நடப்புக்கு வந்தது. விலக்குப் பண்பாட்டைப் பற்றி ஆங்கில ஏடுகளில் ஓயாது வருந்துவோருள், உப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஒருவரியேனும் எழுதியோர் எத்தனைபேர்? மேடையொன்றை இழந்த பெரியவர்க்கு நாடே அழுகின்றது. ஊரையே இழந்த எளியவர்க்கு ஊராட்சி மன்றமும் கூடுவதில்லை.

ஆகலின், ஆற்றல் பார்த்து நிறுப்பது வேறு. ஆள் பார்த்து நிறுப்பது வேறு. வலியவர் எளியவரை விலக்குவதற்கும், எளியவர் வலியவரைப் புறக்கணிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பது நடுவுநிலைமைக்கு மாறானதன்று, அதன் பகுதியே. ஆனால் 'எம் கட்சி, எம் குலம், எம் மொழி' என்று பார்த்து வலியவரை எளியவர் என்றும், எளியவரை வலியவர் என்றும் வேடம் புனைவிப்பதுதான் இரண்டகம். ஒரு தனிப்பெண்ணின்மேல் ஓராயிரம் கணக்குகள் பாயும்போது, பாய்பவர்கள் தம்மை ஒடுக்கப்பட்ட இனத்தின் படை என்று சொல்லிக்கொண்டாலும், அந்த இடத்தில், அந்த நொடியில் எளியவர் அப்பெண்ணே.

சட்டத்தினால் இதனைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவோர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவைச் சற்றே நினைவுகூர்க. இணையத்து இழிமொழியைத் தடுக்கவென்றே வந்தது அது. 2012 நவம்பரில் மும்பைக்கு அருகில் பால்கரில், பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும் அதனை விரும்பிய மற்றோர் இளம்பெண்ணையும் தளையிடவே அது பயன்பட்டது. 2015 மார்ச்சு 24 அன்று உச்ச அறமன்றம் அப்பிரிவை நீக்கியது. வாளை யார் செய்தாலும் அது வலியவன் இடுப்புக்கே போய்ச் சேர்கின்றது.

தமிழின் பெயர் சூடிய இணையக் கணக்குகள் இன்று எண்ணிறந்தன. ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னதும், அது சரியா என்று கேளாமல், அவர் பாட்டன் எந்நாட்டான், பூட்டன் எம்மொழியான், அவர் எக்குலத்தார் என்று குருதியாய்வு தொடங்கிவிடுகின்றது. பெண்ணாயிருப்பின் ஆய்வு வேறு பக்கமாகவும் போகின்றது. அத்தூற்றலிலும் பாதி ஆங்கிலம், மீதி வடசொல். தமிழ் என்று எஞ்சுவது கணக்கின் பெயர் மட்டுமே. இத்தகையோரைத் தமிழியக்கத்தார் கண்டிப்பதில்லை. 'உணர்ச்சிவயப்பட்ட இளைஞர்' என்று தடவிக்கொடுக்கின்றனர். எதிரணியின் இளைஞர் இதனையே செய்தால் 'கூலிப்படை' என்கின்றனர்.

2005-இல் துடைப்பம் காட்டப்பட்ட அந்நடிகையின் பிற்காலக் கதை, இத்துலைக்கோல் எத்தனை முறை சாயும் என்பதை முற்றாகக் காட்டிவிட்டது. 2010 மே திங்களில் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார். 2011 தேர்தலில் தி.மு.க.வும் பாட்டாளி மக்கள் கட்சியும் விடுதலைச் சிறுத்தைகளும் ஓரணியில் நின்றபோது, அவர் தி.மு.க.வுக்காக ஊர்தோறும் வாக்குக் கேட்டார். ஆறாண்டு முன்னர்ப் பறிபோயிருந்த தமிழ்மானம் எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. இடையில் பேராயக் கட்சிக்குச் சென்று, 2020-இல் பா.ச.க.வில் சேர்ந்தார். 2021-இல் ஆயிரம் விளக்குத் தொகுதியில் அவர் போட்டியிட்டபோது, பாட்டாளி மக்கள் கட்சி மீண்டும் அவர் நின்ற அணியிலேயே இருந்தது. 2022 அக்தோபரில் தி.மு.க. மேடையில் பேச்சாளர் ஒருவர் பா.ச.க.வைச் சார்ந்த நடிகையரை இழித்துப் பேசினார், குசுபு கண்டித்தார். அப்போது கனிமொழி தம் கட்சியான் செய்த பிழைக்குத் தாமே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இக்கட்டுரையில் வரும் நிகழ்ச்சிகளுள் தன் பக்கத்தைத் தானே நிறுத்துப் பார்த்த செயல் அஃதொன்றே.

2023 நவம்பரில் குசுபு மகளிர் ஆணையத்தின் உறுப்பினர். வேறொரு நடிகையைப் பற்றிய இழிபேச்சை ஒட்டி எழுந்த இணைய வழக்காடலில், தம்மைச் சாடிய ஒருவர்க்கு விடையளிக்கையில், உம்முடைய 'சேரி மொழி' தமக்கு வராது என்று எழுதினார். இழிமொழியால் அத்துணைத் துன்புற்றவர்க்கே, இழிமொழி என்றதும் நினைவுக்கு வந்தது சேரி. வசை பாடியவன் எந்தத் தெருவில் வாழ்கின்றான் என்பது அவர்க்குத் தெரியாது. ஆயினும் வசையின் முகவரி சேரியாகத்தான் இருக்க வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. 2005-இல் அவர்மேல் வீசப்பட்டவற்றுள் எதுவும் அவர் சொன்ன கருத்தைத் தொடவில்லை. அவர் பிறப்பையும் தொழிலையும் பெண்மையையுமே தொட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே வகைக் கல்லை அவரும் எடுத்து வீசினார். அது வேறு தெருவிற் போய் விழுந்தது. கண்டனம் எழுந்ததும், சேரி என்னும் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் அன்புக்குரியது என்று பொருள் என விளக்கம் தந்தார்.

சேரிக்கு நற்பொருள் தேடிப் பிரெஞ்சு மொழிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. சேர் என்னும் தமிழ் வினையடியிற் பிறந்தது அச்சொல். மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில் பார்ப்பனர் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்பதே பெயர். தஞ்சைப் பெருங்கோயிலின் ஆடல்மகளிர் வாழ்ந்த தெருக்களைத் தளிச்சேரி என்று இராசராசன் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றான்.